விசிலக்காவின் இஸ்திரிப் பெட்டி

விசிலக்கா குறட்டை விடுவாள் என்று அவள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை வந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே தெரிந்த விஷயத்தை வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களா என்ன?

பகலில் அவள் ஒரு பார்சல் ஆபீஸ் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவள். யார் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்வாள். கண்ணாடிச் சாமானோ, கல்யாணப் பாத்திரமோ, மூலைக்கு மூலை அட்டை கொடுத்து, பழுப்பு டேப்பை இழுத்து ஒட்டினாள் என்றால் அந்தப் பெட்டி மாடியிலிருந்து விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அந்த டேப் கிழிகிற சத்தத்தை வைத்தே உள்ளே யார் பார்சல் கட்டுகிறார்கள் என்று வாசலில் நிற்கும் டெலிவரிக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது டேப் இல்லை, விசில். பள்ளிக்கூடத்தில் வாலிபால் ஆடியவள். கல்யாணம், குழந்தை என்று ஆட்டம் நின்றுபோனது. ஆட்டம்தான் நின்றது, மைதானத்துப் பக்கம் போகிற கால் நிற்கவில்லை. பரீட்சை எழுதி நடுவர் ஆனாள். லீவு நாள்களில் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், கழுத்தில் விசிலோடு நெட் ஓரத்து ஏணி மேடையில் ஏறி நின்றால், கீழே ஆடுகிற பெண்கள் மட்டும் இல்லை, வேடிக்கை பார்க்க வந்த ஆண்களும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரே ஊதல், ஒரே முடிவு. பேச்சுக்கே இடமில்லை.

அப்படிப்பட்டவள் போன சீசனில் அதே மேடையில் தூங்கிப்போனாள்.

செமி ஃபைனல். டைம் அவுட் முடிந்து இரண்டு டீமும் உள்ளே வந்து நின்றாயிற்று. சர்வீஸ் போட வேண்டிய பெண் பந்தைத் தட்டித் தட்டிப் பார்க்கிறாள். விசில் வரவில்லை. மேலே பார்த்தால் விசிலக்கா கம்பத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வாயில் விசிலோடு, எங்கேயோ போய்விட்டிருந்தாள். மூச்சு விடும்போதெல்லாம் விசில் லேசாகக் கீச்சிட்டது. கூட்டத்திலிருந்து ஒருத்தன், "அக்கா, விடிஞ்சிருச்சு" என்றான். மைதானமே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அவள் விழித்தாள்.

நடுவர் குழுத் தலைவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். பக்கத்தில் வந்து மெதுவாக, "உடம்புக்கு முடியலன்னா வீட்ல இருக்கலாம்மா. விசில் ஊத ஆளா இல்ல" என்றார். அந்த வருஷம் முழுக்க அவளுக்குக் கிடைத்தது கோட்டு ஓரத்தில் கொடி பிடிக்கிற வேலை. பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று கொடியை ஆட்டிவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். விசிலக்கா என்று கூப்பிட்டவர்கள் கூப்பிடும்போது ஒரு நொடி தயங்கினார்கள்.

பேக்கரியில் மாவு பிசைகிற அவள் புருஷன்தான் அவளை டாக்டரிடம் இழுத்துப்போனவர். உடம்பெல்லாம் வயரை ஒட்டிப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, தூக்கத்தில் உனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலெல்லாம் தூங்கி விழுகிறாய் என்றார் டாக்டர். மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்க ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். காற்றை உள்ளே தள்ளித் தொண்டையைத் திறந்தே வைக்கிற மெஷின். முதல் நாள் மாட்டிக்கொண்டு தூங்கி எழுந்தபோது, தலைக்குள்ளே யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. ஹாலில் படுத்துக்கொண்டிருந்த புருஷன் அந்த வாரமே தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பி வந்தார். கல்யாணமான புதிதில்கூட அவர் அவ்வளவு கூச்சப்பட்டு வந்ததில்லை என்பாள்.

அந்த மெஷின் நல்ல பிள்ளைதான். வீட்டில் இருக்கிறவரைக்கும்.

அடுத்த சீசன் தொடங்கியதும் தலைவரிடமிருந்து தகவல் வந்தது. வெளியூர் டோர்னமென்ட். மற்ற நாள்களில் கொடி, ஃபைனலில் மேடை. அவளைத் தவிர மேடைக்குப் பரீட்சை முடித்த ஆள் அன்றைக்குக் கிடைக்கவில்லையோ, அல்லது தலைவருக்கு மனசு இளகியதோ தெரியாது. ஒன்று மட்டும் நிச்சயம். இந்த முறை கண் சொருகினால் அதோடு விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். அதனால் மெஷினும் கூட வந்தாக வேண்டும். அதே சமயம் அது யார் கண்ணிலும் படக் கூடாது. குழாயும் முகமூடியுமாக அதைப் பார்த்தால், உடம்புக்கு முடியலன்னா வீட்ல இருக்கலாம்மா என்று சொல்ல தலைவர் காரணம் தேட வேண்டாம், கையிலேயே கிடைத்துவிடும்.

பார்சல் கட்டியே பழகிய கைக்கு அந்த மெஷினைக் கட்ட உட்கார்ந்தபோதுதான் அதைச் செய்தவர்கள் மேல் கோபம் வந்தது. மெஷின் ஒரு ரொட்டி அளவுதான். அதற்குக் கரண்ட் கொடுக்கிற அடாப்டர் இருக்கிறதே, அது இன்னொரு ரொட்டி. மெஷினோடு கொடுத்த பையில் முகமூடிக்கு ஓர் அறை, குழாய்க்கு ஓர் அறை, எதற்கென்றே தெரியாத ஒரு குட்டி அறை. அடாப்டருக்கு மட்டும் இடமில்லை. குழாயோ மடக்கினால் மடங்காது, சுருட்டினால் சுருளாது, ஜிப்பை மூடுகிற நேரம் பார்த்துத் தலையை வெளியே நீட்டும். மூச்சுக் காற்றை ஈரமாக்குகிற தண்ணீர்த் தொட்டி வேறு. அதை எவ்வளவு துடைத்தாலும் எங்கிருந்தோ ஒரு சொட்டு மிச்சம் வைத்திருந்து துணியெல்லாம் நனைக்கும்.

"இத செஞ்சவன் ஒரு நாளாவது மூட்ட கட்டிருப்பானா?" என்றாள்.

மகள் பக்கத்தில் உட்கார்ந்து மெஷினோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள், பதில்தான் வரவில்லை. எதை எடுத்தாலும் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கிற பழக்கம் அவளுக்கு. அந்தக் கேள்வியைத் தன்னைப் பார்த்தே அடிக்கடி கேட்டுக்கொள்வாள். "படிச்சு என்ன பண்ணப் போறேன்னு தெரியல, இதையாவது படிக்கிறேன்" என்று முதலிலிருந்து கடைசி வரை படித்து முடித்துவிட்டு ஒரு படத்தைக் காட்டினாள். விரிந்த கட்டில். ஒரே ஒரு ஆள். தலைமாட்டில் ஸ்டூல், ஸ்டூலில் மெஷின், அதற்கு நேர் பின்னால் பிளக் பாயின்ட். ஆள் தூக்கத்திலேயே சிரித்துக்கொண்டிருந்தான்.

"பாரும்மா. இவனுக்கு ரூம்ல வேற யாருமே இல்ல. பிளக் பாயின்ட்டும் கைக்கெட்டற தூரத்துல. இவன மனசுல வச்சுத்தான் இந்த வயர வெட்டிருக்காங்க. நீ ஒரு நீள வயர் வாங்கிட்டுப் போ."

பையில் மெஷினே பாதி எடை, இதில் வயர் வேறா என்று விசிலக்கா தட்டிக்கழித்துவிட்டாள். தண்ணீர்த் தொட்டி இல்லாமலும் மெஷின் ஓடும், மூக்குதான் கொஞ்சம் காயும் என்று மகள் படித்துச் சொன்னதால் அதையும் வீட்டிலேயே வைத்தாள். மிச்சத்தை ஓர் அட்டைப் பெட்டிக்குள் இறக்கி, மூலைக்கு மூலை அட்டை கொடுத்து, பழுப்பு டேப்பை இழுத்து நாலு சுற்று ஒட்டினாள். கை தானாகச் செய்த வேலை. அதைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடியபோது அவளுக்கே ஒரு திருப்தி.

ஸ்டேஷனில் பைகளை உள்ளே தள்ளிப் பார்க்கிற மெஷின் அருகே காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். திரையில் வயரும் மோட்டாரும் தெரிந்திருக்கும். என்ன இது என்று கேட்டார். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றது கார்பன் அக்கா.

கார்பன் அக்காதான் டோர்னமென்ட்களில் ஸ்கோர் எழுதுகிறவள். மூன்று தாளுக்கு நடுவே கார்பன் வைத்து எழுதி எழுதி அந்தப் பேர் வந்தது என்பார்கள். பேர் நிலைத்ததற்குக் காரணம் வேறு. அவள் கண்ணில் பட்டது எதுவும் ஒரு பிரதியோடு நிற்காது. ஒன்று அவளிடம் இருக்கும், இன்னொன்று தலைவரிடம் போகும். அப்படிப்பட்டவளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு விசிலக்கா வாயில் வந்ததைச் சொன்னாள்.

"இஸ்திரிப் பெட்டி சார்."

நடுவர்களிடம் சொல்லக் கூடாத பொய் ஒன்று உண்டென்றால் அது அதுதான். வெள்ளை பேன்ட்டில் மடிப்பு நேராக நிற்கவில்லை என்றால் மேடையில் நின்று என்ன ஊதினாலும் எடுபடாது என்று நம்புகிற கூட்டம் அது. லாட்ஜில் கொடுத்த மூன்று கட்டில் அறைக்குள் நுழைந்ததும் கார்பன் அக்கா தன் பேன்ட்டை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். அவர்களோடு தங்க வந்த மூன்றாவது ஆள், அந்த வருஷம்தான் நடுவர் பரீட்சை முடித்த பெண், எல்லோரும் புதுசு என்று கூப்பிடுகிறவள், தன்னுடையதையும் பக்கத்தில் விரித்தாள். இரண்டு பேரும் விசிலக்காவின் பையைப் பார்த்தார்கள்.

ரிப்பேர் ஆகிவிட்டது என்றாள் விசிலக்கா.

கிளம்பும்போது நன்றாக இருந்த பெட்டி ரயிலில் எப்படி ரிப்பேர் ஆகும் என்று கேட்டாள் கார்பன் அக்கா. அப்படியே ஆகியிருந்தாலும் கொண்டா, ஒரு கத்தி இருந்தால் நானே திருகிப் பார்க்கிறேன் என்றாள். ஷாக் அடிக்கும் என்று சொல்லி விசிலக்கா பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கடைசியில் மூன்று பேரும் பேன்ட்டை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தார்கள்.

"ஓடாத பொட்டிய ஊர் விட்டு ஊர் தூக்கிட்டு வர்ற மொத ஆளு நீதான்" என்றாள் கார்பன் அக்கா.

அடுத்தது கட்டில். நடுவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. எதுவானாலும் டாஸ் போட்டுத்தான். ஜன்னல் சீட்டா, முதலில் குளிப்பதா, கடைசி பிஸ்கட்டா, நாணயம் சொல்வதே தீர்ப்பு. அதற்கு மேல் கேள்வி கேட்டால் நடுவருக்கு அழகில்லை. ஜன்னலோரக் கட்டிலைக் கார்பன் அக்கா ஜெயித்தாள். நடுக்கட்டில் புதுசுக்கு. விசிலக்காவுக்குக் கதவோரம். அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே பிளக் பாயின்ட் ஜன்னலோரத்தில். அதில் கார்பன் அக்கா தன் போனைச் சொருகி, போனுக்கு மேலே துண்டைப் போட்டு மூடிவைத்தாள், கண் பட்டுவிடும் என்பதுபோல. மகள் சொன்ன நீள வயர் விசிலக்காவின் மனசில் ஒருமுறை நீளமாக ஓடியது.

கதவோரத்திலும் ஒன்று இருந்தது, குளியலறைக்கு வெளியே ஹீட்டருக்கு வைத்தது. நிற்கிற ஆளின் தலைக்கு மேலே. லாட்ஜ் கட்டினவனும் மெஷின் செஞ்சவனும் பேசிவைத்துக்கொண்டு செய்திருப்பார்களோ என்று தோன்றியது அவளுக்கு.

இருந்தாலும் மற்ற இருவரும் தூங்கட்டும், எப்படியாவது மாட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். தூங்கியும் போனார்கள். பையைத் திறந்தாள். பெட்டி இருந்தது. பெட்டி மேல் அவளுடைய டேப் இருந்தது. நகத்தால் ஒரு நுனியை எடுத்து இழுத்தாள். அந்த அமைதியில் அந்தச் சத்தம் ஒரு லாரி பிரேக் போட்ட மாதிரிக் கேட்டது. புதுசு புரண்டு படுத்தாள். விசிலக்கா கையை எடுத்துவிட்டாள். மாடியிலிருந்து விழுந்தாலும் பிரியாத கட்டு. அதை அவிழ்க்க அவளாலேயே முடியவில்லை. குறட்டை வந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து முக்கால்வாசி நேரம் உட்கார்ந்தே கழித்தாள்.

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கட்டைப் பிரித்துத் தயாராக வைத்தாள். அன்றைக்குக் கெடுத்தது வேறு. அந்த லாட்ஜில் சாவி என்று கொடுப்பது ஓர் அட்டை. அதைக் கதவோரத்தில் ஒரு பொந்தில் சொருகி வைத்தால்தான் அறைக்குக் கரண்ட். இரவு விளக்கை அணைத்த பிறகு ஹீட்டர் பாயின்ட்டில் ஒருவழியாக மாட்டி, போர்வைக்குள்ளேயே முகமூடியை மூக்கில் பொருத்தி, நல்ல தூக்கத்துக்குள் அப்போதுதான் ஒரு காலை வைத்திருப்பாள். தூங்கிவிட்டதாக அவள் நினைத்த புதுசு, தன் அம்மாவிடம் போனில் பேசுவதற்கு இருட்டிலேயே எழுந்து வெளியே போனாள். பொறுப்பான பெண், சாவியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள். காற்று நின்றது. மூக்கை யாரோ பொத்திய மாதிரி விசிலக்கா துள்ளி எழுந்தாள். அவசரமாக எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டுப் படுத்தவளுக்கு, தாயும் மகளும் அப்படி என்னதான் பேசுவார்கள் என்று எரிச்சலாக வந்தது. அப்புறம் தன் மகளை நினைத்துக்கொண்டாள். எரிச்சல் அடங்கியது. தூக்கம் வரவில்லை.

ஃபைனல் அன்று காலையில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் கொடி பிடித்தபோது அவளுக்குக் கோடு இரண்டிரண்டாகத் தெரிந்தது. பழைய ஆள் உள்ளே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. தலைவர் தூரத்தில் நாற்காலியில் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைனல் சாயங்காலம், விளக்கு வெளிச்சத்தில். நடுவில் மதியம் மட்டும்தான் மிச்சம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறையில் மூன்று பேரும் படுத்தார்கள். புதுசு படுத்ததும் தூங்கினாள். சாவி அட்டை பொந்தில் இருந்தது. கார்பன் அக்காவின் மூச்சு சீரானதும் விசிலக்கா எழுந்தாள்.

அவள் அன்றைக்குச் செய்த ஏற்பாட்டை யாராவது படம் எடுத்து அந்த விளக்கப் புத்தகத்தில் போட்டிருக்க வேண்டும். அடாப்டரைத் தலைக்கு மேலிருந்த பாயின்ட்டில் சொருகினாள். அதன் எடைக்கு அதுவே கழன்று வந்தது. ரப்பர் பேண்டால் ஹீட்டர் குழாயோடு சேர்த்துக் கட்டினாள். வயர் கட்டில் வரைக்கும் இறங்கவில்லை. அதனால் மெஷினை ஒரு துணிப்பையில் போட்டுச் சட்டை மாட்டுகிற ஆணியில் தொங்கவிட்டாள். அங்கிருந்து குழாய் இறுக்கமாக நீட்டிக்கொண்டு அவள் மூக்கு வரை வந்தது. பட்டனில் எரிகிற நீல விளக்கை அணைக்க வழியே கிடையாது. தூங்குவதற்கென்று செய்த சாமானில் கலங்கரை விளக்கு எதற்கு என்று திட்டிக்கொண்டே அதன் மேல் பழுப்பு டேப்பில் ஒரு துண்டு ஒட்டினாள். அந்த டேப் அந்தப் பயணத்தில் செய்த ஒரே உபகாரம் அது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். காற்று வந்தது. உள்ளே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

எவ்வளவு நேரம் தூங்கினாளோ, ஒரு விசில் கேட்டது.

கூர்மையான, நீளமான விசில். நான் ஊதலியே, யார் ஊதினது என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. கை தானாகக் கழுத்துக்குப் போய் விசிலைத் தேடியது. கண்ணைத் திறந்தாள்.

நடுக்கட்டிலில் புதுசு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. வலது கை மட்டும் தோளுக்கு நேராக விறைப்பாக நீண்டு, அடுத்த சர்வீஸ் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொண்டிருந்தது. அது காட்டிய பக்கத்தில் கார்பன் அக்கா எழுந்து உட்கார்ந்து, தலையணைக்கு மேல் பேனாவைத் தேடித் தடவிக்கொண்டிருந்தாள்.

"எந்த டீமுக்குடி பாயின்ட்டு?"

"உங்களுக்குத்தான்க்கா" என்றாள் புதுசு, கையை இறக்காமலே.

விசில் இன்னும் நிற்கவில்லை. விசிலக்கா புரண்டு படுத்ததில் இறுகியிருந்த குழாய் முகமூடியை ஒரு பக்கமாக இழுத்து, மூக்கோரத்து இடுக்கில் காற்று ஊதிக்கொண்டிருந்தது. முதலில் புதுசுக்குத்தான் தூக்கம் தெளிந்தது. போர்வை விலகிய கட்டிலில் முகத்தில் பட்டையும் மூக்கில் குழாயுமாக ஓர் உருவத்தைப் பார்த்தாள். குழாயின் மறுமுனை ஆணியில் தொங்கிய துணிப்பைக்குள் போவதைப் பார்த்தாள். அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அழ ஆரம்பித்தாள். ஒன்றுமில்லை என்று சொல்ல விசிலக்கா வாயைத் திறந்தாள். மூக்கு வழியாக உள்ளே போகிற காற்றெல்லாம் வாய் வழியாகப் புஸ்ஸென்று வெளியே வந்ததே தவிர வார்த்தை வரவில்லை. அதைப் பார்த்துப் புதுசு இன்னும் கொஞ்சம் அழுதாள்.

கார்பன் அக்கா மட்டும் எழுந்து வந்து துணிப்பையை விலக்கிப் பார்த்தாள். ரப்பர் பேண்டையும் பார்த்தாள். டேப் ஒட்டிய விளக்கைப் பார்த்தாள்.

"இதுதான் ரிப்பேரான இஸ்திரிப் பெட்டியா?"

விசிலக்கா முகமூடியைக் கழற்றினாள். இனி மறைக்க என்ன இருக்கிறது. மேடையில் தூங்கியதிலிருந்து, வயர் ஒட்டிப் பார்த்ததிலிருந்து, டேப் சத்தம், சாவி அட்டை வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சாவி அட்டை என்றதும் புதுசு இரண்டாவது முறை அழுதாள், இந்த முறை தன் தவறுக்காக. கார்பன் அக்காவுக்கு ஸ்கோர் எழுதும்போது இருக்கிற அதே முகம்.

"தலைவர்கிட்ட சொல்லுவீங்களாக்கா?" என்று கடைசியில் விசிலக்காவே கேட்டாள்.

"கேட்டா சொல்லுவேன். நான் எழுதறதுல அடித்தல் திருத்தல் கெடையாது, உனக்கே தெரியும்." கார்பன் அக்கா ஜன்னலோரம் போய்த் தன் போனை உருவினாள். துண்டை மடித்தாள். தலையணையைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து நின்றாள். "எந்திரி. சைடு மாறு."

"டாஸ் நீங்க ஜெயிச்சதுக்கா."

"ஜெயிச்சேன். அதுக்காக மேட்ச் முழுக்க ஒரே பக்கமா நிப்பாங்க? செட்டு முடிஞ்சா மாறணும். ரூல தெரிஞ்சுக்காமயா மேடையேறப் போற?"

அதற்கு மேல் கேள்வி கேட்டால் நடுவருக்கு அழகில்லை. விசிலக்கா ஜன்னலோரக் கட்டிலுக்கு மாறினாள். மெஷின் தலைமாட்டு மேஜையில் உட்கார்ந்தது. வயர் எட்டியது. குழாய் தளர்ந்து கிடந்தது. புதுசு சாவி அட்டைக்குக் காவல் இருப்பதுபோலக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். படத்தில் இருந்த அந்த ஆள் ஏன் சிரித்தான் என்று விசிலக்காவுக்கு அன்றைக்குப் புரிந்தது.

டீ வந்து எழுப்பும்வரை தூங்கினாள். மெத்தைக்கு அடியிலிருந்த பேன்ட்டில் மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

மைதானத்தில் தலைவர் அவளுக்காகக் காத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு நடுவர் முழு வெள்ளை உடையில், கழுத்தில் விசிலோடு நின்றுகொண்டிருந்தார். எதற்கு நிற்கிறார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தலைவர் விசிலக்காவின் கண்ணைப் பார்க்கத்தான் குனிந்தார். அவர் கண்ணில் பட்டது அவள் கன்னம். முகமூடிப் பட்டை அழுந்தி இரண்டு கன்னத்திலும் கோர்ட்டில் கோடு போட்ட மாதிரி நேராகச் சிவந்திருந்தது.

"என்னம்மா இது, கன்னத்துல?"

கார்பன் அக்கா ஸ்கோர் மேஜையில் தாள்களுக்கு நடுவே கார்பனைச் சொருகிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. ஆனால் கை நின்றுவிட்டது. இஸ்திரிப் பெட்டி மாதிரி இன்னொரு வார்த்தை விசிலக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினாள்.

"தூங்கறதுக்கு ஒரு மெஷின் வச்சிருக்கேன் சார். அதோட பட்டை."

"தூங்கறதுக்கா? போன வருஷம் மேடை மேல தூங்கினப்ப மெஷின் ஒண்ணும் தேவப்படலியே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விசிலக்காவும் சிரித்தாள். சிரிக்க முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அன்னிக்கு மெஷின் இல்லாததாலதான் சார் மேடைல தூங்கினேன். இப்ப அது இருக்கு, அதனால ரூம்லயே தூங்கிட்டு வந்துட்டேன்."

தலைவர் கன்னத்திலிருந்து பார்வையை அவள் கண்ணுக்கு ஏற்றினார். பிறகு அந்த இன்னொரு நடுவரைப் பார்த்து, எங்கேயும் போய்விடாதே, இங்கேயே நில் என்றார். அவளைப் பார்த்து ஏணியைக் காட்டினார்.

ஆட்டம் இழுத்தது. ஆளுக்கு இரண்டு செட். மைதானத்தில் கொட்டாவி ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் போய்த் திரும்பி வந்தது. ஒவ்வொரு டைம் அவுட்டிலும் தலைவரின் பார்வை மேடைக்கு ஏறி இறங்கியது. அவள் கம்பத்தில் சாயவில்லை. கண் தெளிவாக இருந்தது. நெட்டின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தெரிந்தது. இவ்வளவு நாளும் இதையெல்லாம் பார்க்காமலா ஊதிக்கொண்டிருந்தோம் என்று ஒரு பக்கம் வெட்கமாகவும் இருந்தது.

ஐந்தாவது செட்டின் கடைசியில் ஒரு அடி. பந்து எல்லோரையும் தாண்டி வெளியே போய் விழுந்தது. கோட்டோரத்தில் கொடி, வெளியே என்று உயர்ந்தது. ஒரு டீம் கட்டிப்பிடித்துக்கொண்டது. விசிலக்கா ஊதினாள். கையை அவர்கள் பக்கம் நீட்டவில்லை, எதிர்ப்பக்கம் நீட்டினாள். ஒரு கை விரல்களை நிமிர்த்தி, மறு உள்ளங்கையால் அவற்றின் நுனியைத் தேய்த்துக் காட்டினாள். தடுக்க எழும்பியவளின் விரலில் பந்து பட்டுவிட்டுப் போனது, பாயின்ட் அடித்தவர்களுக்குத்தான் என்று அர்த்தம்.

கொண்டாடிய டீமின் கேப்டன் ஓடிவந்து படவே இல்லை என்று வாதாடினாள். கூட்டம் கூச்சல் போட்டது. தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார், அந்த இன்னொரு நடுவரும் ஓர் அடி முன்னால் வைத்தார். விசிலக்கா நெட்டருகே பார்த்தாள். கேப்டனும் திரும்பிப் பார்த்தாள். எழும்பித் தடுத்த பெண் சுண்டுவிரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கையைப் பின்னால் ஒளித்தாள்.

தலைவர் உட்கார்ந்தார். பக்கத்தில் நின்றவரிடம், "நீ போய் ஏதாவது சாப்பிடுப்பா" என்றார்.

ஆட்டம் முடிந்து கையெழுத்துப் போடும்போது அவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, அடுத்த டோர்னமென்ட்டுக்கும் மேடைதான் என்றார். போனவர் நின்று, அந்த மெஷினை எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார் என்று கேட்டார். வீட்டில் யாருக்காவதா சார் என்றாள். வீட்டில்தான் என்று சொல்லிவிட்டு அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு போனார்.

திரும்பும் நாளில் அவள் பெட்டியும் கட்டவில்லை, டேப்பும் ஒட்டவில்லை. மெஷினைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். அடாப்டர் புதுசின் பையில். குழாய் ஜிப்புக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தது, வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். மகளுக்குப் போன் போட்டு, நீள வயர் ஒன்று வாங்கி வை, நீ சொன்னதுதான் சரி என்றாள். பக்கம் பக்கமாகப் படித்தது ஒரு இடத்திலாவது உதவியதே என்றாள் மகள். ஒரு இடம் இல்லடி, அந்தப் படத்தப் போட்டவங்களுக்கு நம்ம லாட்ஜ் ரூம் கதைய எழுதிப் போடணும், நீதான் எழுதணும் என்றாள் இவள்.

ஸ்டேஷனில் இங்கேயும் ஒரு காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். என்ன இது என்றார்.

"மூச்சு மெஷின் சார். தூங்கும்போது மாட்டிக்கறது."

அவர் போகலாம் என்று தலையாட்டினார். ஆனால் அவள் போகவில்லை. துண்டை விலக்கி, இது இந்த அளவு, இதற்கு அடாப்டர் எந்த அளவு தெரியுமா என்று புதுசின் பையிலிருந்து அதையும் எடுத்து மேஜையில் வைத்தாள். குழாயை மடக்கிக் காட்டினாள், அது நிமிர்ந்தது. விளக்கைக் காட்டினாள். வயர் எவ்வளவு தூரம் வரும் என்று இழுத்துக் காட்டினாள். இதைச் செய்தவர்கள் யாராவது இந்த வழியாகப் போனால் பிடித்து வையுங்கள், நான் பேச வேண்டும் என்றாள். காவலர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். வரிசை வாசல் வரை நீண்டிருந்தது.

பின்னாலிருந்து கார்பன் அக்கா அவள் தோளைத் தட்டினாள்.

"டைம் அவுட் முடிஞ்சிருச்சு. கெளம்பு."